திறந்தவெளி மழலையர் பள்ளி: சென்சரி ரூம் தேவையா, மணலும் மரமும் போதுமா?

புன்னைநிழல் (கடலூர்) கேட்டது:

வணக்கம். கெடிலம் ஆற்றுப் பக்கம் 12 சென்ட் மனையில் நடக்கும் சிறிய மழலையர் பள்ளிக்காகக் கேட்கிறேன். 3 முதல் 5½ வயது வரை 16 பிள்ளைகள், 2 ஆசிரியைகள், 1 ஆயா. இரண்டு வேப்பமரம், ஒரு புன்னை, வேலியோரம் முருங்கை, மூலையில் ஒரு தென்னை. காலை 9 முதல் 12 வரை பெரும்பாலும் வெளியில்தான் பாடம்.

மூன்று பிள்ளைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி பார்வையில் ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றுகிறது.

முதல் பையனுக்கு 4 வயது. மணல், சேறு, பசை எது கையில் பட்டாலும் அழுகை. வெறுங்காலில் விரல் நுனியில்தான் நடக்கிறான். அடுத்தது நாலரை வயதுப் பெண். ஓயாமல் சுற்றுகிறாள், எல்லோர் மேலும் மோதுகிறாள், கதை நேரத்தில் இரண்டு நிமிடம் பாயில் தங்கமாட்டாள். மூன்றாவது 5 வயதுப் பையன். பென்சிலை முஷ்டியாகப் பிடிக்கிறான், அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு, வீட்டில் தினமும் இரண்டு பக்கம் எழுதவைக்கிறார்கள்.

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. ஒரு கடையில் பந்துத் தொட்டி, கலர் விளக்கு, மெத்தைச் சுவர் எல்லாம் வைத்து ஒரு சென்சரி ரூமுக்கு (புலன் பயிற்சி அறை) அதைப்போல் நாலு மடங்கு சொல்கிறார்கள். அது தேவையா? வெளியிலேயே செய்யலாம் என்றால் என்ன, எந்த அளவில், எவ்வளவு நேரம்? எங்கே தப்பாகப் போகும்?

---

ஓடி_வில்லியனூர் எழுதியது:

அந்த அறை வேண்டாம். முதலில் பெயரைச் சரியாகப் புரிந்துகொள்வோம். சிலர் ஆக்குபேஷனல் தெரபியை (சுருக்கமாக ஓ.டி.) 'தொழில் சிகிச்சை' என்று எழுதுவதால் ஏதோ வேலைவாய்ப்புப் பயிற்சி போலத் தோன்றுகிறது. நாலு வயதுப் பிள்ளையின் தொழில் சாப்பிடுவது, உடுத்துவது, கழுவுவது, விளையாடுவது, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்திருப்பது. ஓ.டி. பார்ப்பதும் அதைத்தான்: எந்த வேலை நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை, வேலையையோ இடத்தையோ எப்படி மாற்றினால் நடக்கும். பந்துத் தொட்டியில் குதிப்பது இந்தப் பிள்ளைகள் யாருடைய அன்றாட வேலையும் இல்லை. செம்பில் தண்ணீர் மொண்டு செடிக்கு ஊற்றுவது மூவருக்குமே அன்றாட வேலை.

ஏ. ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஓ.டி. நிபுணர் வகுத்த புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டில் மூன்று உணர்வுகளுக்கு முதலிடம் உண்டு: தொடு உணர்வு, உள்காதிலிருந்து வரும் சமநிலை உணர்வு, தசையும் மூட்டும் தரும் உடல்நிலை உணர்வு. உங்கள் மூன்று பிள்ளைகளின் சிக்கலையும் இந்த மூன்றை வைத்து யோசிக்கலாம். ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்த வகைச் சிகிச்சைகளின் பலனுக்கு ஆய்வுச் சான்று குறைவு, அதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-ல் அறிக்கை வெளியிட்டது. அதனால் 'மூளை நரம்பு சீராகும்' என்றெல்லாம் யாருக்கும் வாக்குத் தரவேண்டாம். கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய ஒரு சின்ன இலக்கை வையுங்கள், ஆறு வாரம் பாருங்கள், மாற்றமில்லை என்றால் முறையை மாற்றுங்கள்.

மணலைத் தொடாத பையன். பலரும் செய்யும் தவறு, கையைப் பிடித்து மணலுக்குள் அழுத்தி 'பார், ஒண்ணுமில்லை' என்று காட்டுவது. அதற்குப் பிறகு அவன் மணலை மட்டுமல்ல, ஆசிரியையையும் தவிர்ப்பான். படிப்படியாகத்தான் போகவேண்டும், ஏறும் வேகம் அவனுடையது.

புளியங்கொட்டை நிரம்பிய பெரிய அன்னக்கூடையில் தொடங்கலாம். வழவழப்பு, உலர்ந்தது, கையில் ஒட்டாது. கை மணிக்கட்டு வரை புதையும் அளவுக்குக் கொட்டை இருக்கட்டும். அடுத்தது கேழ்வரகு. அதற்கடுத்து உலர் மணல், ஆனால் கரண்டியோடு. பிறகு கரண்டி இல்லாமல். பிறகு ஈர மணல். சேறு கடைசி. ஒரு படியில் மூன்று நாள் அழாமல், தானாகக் கை நீட்டி, இரண்டு நிமிடமாவது நின்றால்தான் அடுத்த படி. பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் இருக்கட்டும், எப்போது வேண்டுமானாலும் கழுவிக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தெரியட்டும். கழுவ வழி இருக்கிறது என்ற நிம்மதியிலேயே பாதிப் பிள்ளைகள் இன்னும் கொஞ்ச நேரம் தொடுவார்கள்.

மெல்லிய தொடுதல்தான் இவர்களை அதிகம் தொந்தரவு செய்யும், அழுத்தமான தொடுதல் அல்ல. அதனால் மணலுக்குப் போகுமுன் கைக்கு அழுத்தம் தரும் வேலை கொடுங்கள்: ஈரத்துணி பிழிதல், வேப்பமரத்தை இரண்டு கையாலும் தள்ளுதல், வாளி தூக்குதல். கன்னத்தைத் தடவுவது, தலையை வருடுவது வேண்டாம். தோளில் கை வைத்தால் அழுத்தி வையுங்கள், அதுவும் அவன் பார்க்கும்படி முன்னாலிருந்து.

விரல் நுனி நடையைத் தொடு உணர்வு என்று உடனே முடிவுகட்டக் கூடாது. அவன் முழங்கால் நீட்டியிருக்கும்போது பாதத்தை மெதுவாக மேல்நோக்கி மடக்கிப் பாருங்கள். செங்கோணத்தைத் தாண்டி எளிதாக வரவேண்டும். வராவிட்டால் குதிகால் தசைநார் இறுகியிருக்கலாம். ஒரு கால் மட்டும் அப்படி நடந்தாலோ, முன்பு சரியாக நடந்து இப்போது புதிதாகத் தொடங்கியிருந்தாலோ காத்திருக்கவே வேண்டாம். எப்படியிருந்தாலும் 3 வயதுக்குப் பிறகும் தொடரும் நுனிநடையைக் குழந்தை மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சுற்றும் பெண். உட்காரச் சொல்லிக் கேட்காத பிள்ளைக்கு, உட்காரும் முன் கனமான வேலை. தள்ளுதல், இழுத்தல், சுமத்தல், ஏறுதல், தோண்டுதல். தூக்கும் கனம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள். 16 கிலோ பிள்ளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கணக்காக வரும். வாளியில் அந்த அளவுக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நிரப்பிக்கொண்டு வந்து முதுகை வளைத்துத் தூக்கும். இழுப்பதென்றால் காய்ந்த தென்னை மட்டையில் ஒரு பிள்ளை உட்கார, இரண்டு பேர் இழுக்கும் விளையாட்டை மிஞ்சிய கருவி எந்தக் கடையிலும் இல்லை. நுங்குக் காலத்தில் பனங்காய் வண்டி. அதன் கவட்டைக் கோலைத் தள்ளிக்கொண்டு ஓடும்போது இரண்டு கையும் ஒன்றாக வேலைசெய்யும், கண் பாதையைப் பார்க்கும், மோதாமல் திருப்பவும் கற்றுக்கொள்ளும்.

சுழற்சியைத் தடுக்கவேண்டாம், ஆனால் மற்றவர் சுற்றிவிடக் கூடாது. அவளே சுற்றி அவளே நிறுத்தட்டும். முன்பின் ஆடும் ஊஞ்சல் பெரும்பாலும் அமைதிப்படுத்தும், தட்டாமாலை போன்ற சுழற்சி பெரும்பாலும் உசுப்பிவிடும். முகம் வெளுப்பது, திடீர் வியர்வை, கொட்டாவி, விக்கல், குமட்டல், காரணமில்லாத சிரிப்பு அல்லது அழுகை: இதில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்தி, நிழலில் உட்காரவைத்து, மரம் தள்ளுவது போன்ற அழுத்த வேலை கொடுங்கள். இந்த விளைவு சில பிள்ளைகளுக்கு மணிக்கணக்கில் நீடிக்கும், மதியம் வீட்டில் வாந்தி எடுத்தால் சாப்பாட்டைக் குறை சொல்வார்கள். வலிப்பு வந்த பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் சுழற்சி வேலையே கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்துப் பகுதி முதுகெலும்புப் பரிசோதனை முடியாமல் குட்டிக்கரணம் கூடாது.

நாலரை வயதுக்கு இருபது நிமிடம் பாயில் உட்கார்வது யாருக்குமே அதிகம். எட்டு நிமிடக் கதை போதும். அவள் குத்துக்காலிட்டுக் கேட்கட்டும், மரத்தண்டில் சாய்ந்து நின்று கேட்கட்டும்.

முஷ்டிப் பிடி. பிடி வளரும் வரிசை ஏறத்தாழ இப்படி: ஒன்றரை வயதில் முஷ்டி, 2–3 வயதில் விரல்கள் கீழ்நோக்கிய பிடி, மூன்றரை முதல் 4 வயதில் மூன்று விரல் பிடித்தும் கை முழுதாக அசையும் நிலை, நாலரை முதல் 6 வயதில்தான் விரல்கள் மட்டும் அசைந்து எழுதும் நிலை. 5 வயதில் முஷ்டி நீடிப்பது கவனிக்கவேண்டியதுதான். ஆனால் இரண்டு பக்கம் எழுதவைப்பது அந்த முஷ்டியை இன்னும் இறுக்கும்.

கை எழுதுவதற்கு முன் தோள் நிற்கவேண்டும். தாழ்ந்த கிளையில் தொங்குதல், நாலு காலில் நண்டு நடை, மண்வெட்டிக் குச்சியால் தோண்டுதல் ஆகியவை தோளுக்கு. விரலுக்கு நம்ம ஊர்ச் சமையலறையே போதும். முருங்கை இலை உருவுவதில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இழுக்கும், மறுகை காம்பைப் பிடிக்கும். மல்லாட்டை (வேர்க்கடலை) உரிப்பதில் பச்சைக் காய் அழுத்தினாலே பிளக்கும், காய்ந்ததற்கு விரல் வலு வேண்டும், அதனால் பச்சையில் தொடங்கி இரண்டு வாரம் கழித்துக் காய்ந்தது. (உரிக்கத்தான், தின்ன அல்ல. 5 வயதுக்குள் முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கும். உரித்ததை எண்ணி வாங்கி, இடித்துக் கொடுங்கள்.)

கோலத்துக்கு இணை எதுவுமில்லை. குத்தவைத்து உட்கார்வதில் இடுப்பும் கணுக்காலும், மாவைக் கிள்ளுவதில் மூன்று விரலும், விடுவதில் அளவும் பழகும். ஆனால் கல்மாவு வேண்டாம், தூசி மூச்சில் போகும். கரகரப்பாக அரைத்த அரிசிமாவு. முதலில் ஆசிரியை போட்ட கோட்டின் மேல் நிரப்பட்டும், அடுத்து இரண்டு புள்ளியை இணைக்கட்டும், வளைவு கடைசி. ஆண்பிள்ளைக்குக் கோலமா என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

எழுதக் கொடுப்பதென்றால் 2–3 செ.மீ. துண்டுச் சாக்பீஸ். அவ்வளவு சின்னதை முஷ்டியில் பிடிக்கவே முடியாது, விரல் தானாக முன்னுக்கு வரும். சுவரில் கண் உயரத்தில் கரும்பலகை மாட்டினால் மணிக்கட்டு பின்னால் மடங்கி நிற்கும், எழுத அதுதான் சரியான நிலை. ஒரு அங்குலப் பிரஷ்ஷும் தண்ணீரும் கொடுத்தால் சுவர் முழுக்க வெள்ளையடிப்பான். நேர்கோடும் வட்டமும் 3 வயதில் எதிர்பார்க்கலாம், கூட்டல் குறி 4-ல், சதுரம் நாலரை வாக்கில், முக்கோணம் 5-ஐ ஒட்டி. 'அ' எழுத முதலில் வட்டமும் வளைவும் வரவேண்டும் என்று வீட்டில் சொல்லுங்கள்.

---

சவுக்குக்கொம்பு எழுதியது:

தெரபி எனக்குத் தெரியாது, மணல் தொட்டியும் ஊஞ்சலும் போடுறது தெரியும். அளவு சொல்றேன்.

8 அடிக்கு 6 அடி தொட்டி, ஒரே நேரத்துல 6 பிள்ளைங்க. ஓரடி தோண்டுங்க, தரைக்கு மேல ஓரடி வரம்பு கட்டுங்க, அதுவே உட்கார்ற திண்ணை. செங்கல் வரம்புன்னா மேல் விளிம்பை உருட்டிப் பூசணும், கூரா விட்டா பல்லு போகும். அடியில 6 அங்குலம் செங்கல் ஜல்லி, 24 கன அடி. அது மேல பழைய நைலான் கொசுவலை ரெண்டு மடிப்பு, இல்லன்னா மணல் கீழ இறங்கி ஜல்லி மேல வந்துடும். மேல 15 அங்குலம் மணல், 60 கன அடி, அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல (ஒரு யூனிட்னா நூறு கன அடி). வரம்புக்கு 3 அங்குலம் மிச்சம் இருக்கணும், இல்லன்னா மணல் எல்லாம் வெளியதான்.

ஆத்தோரம்னு சொல்றீங்க. ஐப்பசியில ஓரடி தோண்டினாலே ஊத்து வர்ற இடமா இருந்தா ஆறு அங்குலம் மட்டும் தோண்டி வரம்பை ஒன்றரை அடி ஏத்துங்க, ஒரு பக்கம் படி வைங்க.

எம்-சாண்ட் போடாதீங்க. உடைச்ச கல்லு, முனை கூரு, காய்ஞ்சா மாவாப் பறக்கும். தேவனாம்பட்டினம் கடற்கரையில அள்ளிக்கலாம்னு யாராவது சொல்வாங்க. கரையில மணல் அள்ளத் தடை இருக்கு, அதோட உப்பு மணல் எப்பவும் நமுத்து உடம்புல ஒட்டும், அந்த முதல் பையனுக்கு அது ஆகவே ஆகாது. ரசீதோட வாங்கின ஆத்து மணலை ரெண்டு தடவை சலிச்சு, ஒரு தடவை கழுவிப் போடுங்க. வீடு கட்டி விளையாட எட்டு பங்கு மணலுக்கு ஒரு பங்கு தண்ணி. அதுக்கு மேல ஊத்தினா சரியும்.

ராத்திரி மூடி கட்டாயம். பூனையும் நாயும் மணலைக் கண்டா விடாது, அந்த மலத்துலேர்ந்து கொக்கிப்புழு தோல்ல ஏறும். ஆனா தார்ப்பாயைப் பகல்லயும் விட்டு வச்சா உள்ள வெந்து நாத்தம் பிடிக்கும். மீன் வலையை சட்டத்துல அடிச்சு மூடினா காத்தும் போகும், பூனையும் வராது. வாரம் ஒருமுறை அடிவரைக்கும் கிளறி வெயில் காட்டுங்க.

ஊஞ்சலுக்கு முருங்கைக் கிளை பக்கமே போகாதீங்க, முன்னாடி சொல்லாம ஒடியும். வேம்புன்னா 8 அங்குலத்துக்கு மேல பருமன் உள்ள, பட்டுப்போகாத, படுக்கையா போற கிளை. கயிறு நேரா கிளையில உரசினா பட்டை அறுந்து கிளை சாகும், பழைய சைக்கிள் டயரை சுத்தி அதுமேல கட்டுங்க. தேங்காய் நார்க்கயிறு மழையில நனைஞ்சு நனைஞ்சு உள்ளுக்குள்ள உளுத்துடும், வெளியில பாத்தா நல்லா இருக்கும். 16 மி.மீ. நைலான் போடுங்க. உட்கார்ற பலகை தரையிலேர்ந்து 14 அங்குலம், பிள்ளை கால் ஊணணும். சுத்தி 6 அடிக்கு எதுவும் இருக்கக்கூடாது, கீழ ஓரடி மணல், மாசம் ஒருமுறை கிளறி விடணும், மிதிச்சு இறுகினா சிமெண்ட் தரைக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்ல.

தென்னை இருக்குன்னு சொன்னீங்க. அது சுத்தி 12 அடிக்கு விளையாட்டு எதுவும் வேணாம். மட்டை விழும்.

மரக்கிளைக்குப் பதிலா ஊஞ்சலுக்குச் சவுக்குக் கம்பம் நட்டா தரைமட்டத்துல மண்ணும் காத்தும் சேர்ற இடத்துலதான் முதல்ல அழுகும். நடுறதுக்கு முன்னாடி அடி ரெண்டடிக்குத் தார் பூசுங்க, ஆறு மாசத்துக்கு ஒருமுறை அந்த இடத்தை ஆணியால குத்திப் பாருங்க. ஆணி சுலபமா இறங்கினா மாத்த வேண்டியதுதான்.

பணத்தை மணலுக்கும் வலைமூடிக்கும் முதல்ல போடுங்க. மிச்சம் இருந்தா ஊஞ்சல்.

---

மழலைப்பாடம் (புதுச்சேரி) எழுதியது:

மேலே இருவரும் சொன்னது சரி. எனக்கு ஒரே ஒரு உறுத்தல்: மூன்று பிள்ளைகளைத் தனியே அழைத்து இதைச் செய்தால் அது இயற்கைவழிப் பள்ளியாக இருக்காது, மரத்தடி கிளினிக் ஆகிவிடும். 'இவன் மட்டும் ஏன் புளியங்கொட்டை கூடையில்?' என்று மற்ற 13 பேரும் கேட்பார்கள். கூடையை எல்லோருக்கும் வையுங்கள். வாளித் தண்ணீர் எல்லோரும் சுமக்கட்டும். அந்தப் பெண்ணுக்கு மட்டும் தூரம் அதிகமான செடி, அவ்வளவுதான் வேறுபாடு. 1840-ல் ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெல் தன் பள்ளிக்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தபோது தோட்டம் வெறும் உவமையாக இல்லை, பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பாத்தி இருந்தது. உங்கள் பள்ளியிலும் ஆளுக்கு இரண்டடிப் பாத்தி பிரியுங்கள். கீரை விதைத்தால் மூன்று நாலு வாரத்தில் பறிக்கலாம், அந்த வயதுப் பொறுமைக்கு அதுதான் சரி. வெண்டை, கத்திரி எல்லாம் காத்திருந்து சலித்துவிடும்.

நேர ஒழுங்கு பற்றி. வந்தவுடன் 15 நிமிடம் சுமக்கிற வேலை: தண்ணீர், செங்கல் துண்டு, சருகுக் கூடை. பிறகு எட்டு நிமிடக் கதை. இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் பெரும்பாலான பள்ளிகள் அந்தப் பெண்ணைப் போன்ற பிள்ளைகளிடம் தோற்கின்றன. பிறகு ஒன்றேகால் மணிநேரம் சுதந்திர விளையாட்டு, அதை மணி அடித்து நறுக்கவேண்டாம். கைவேலை கடைசியில், நிழலில், உடம்பு களைத்து அமைதியான பிறகு.

பொருள் குறைவாக இருப்பதும் ஒரு சிக்கல். 6 பேருக்கு இரண்டு சிரட்டை வைத்துவிட்டுப் 'பகிர்ந்துகொள்ளுங்கள்' என்றால் அடிதடிதான். 6 பேருக்கு 8 சிரட்டை, 6 கரண்டி, 4 வாளி. சிரட்டை விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். அதிகமானாலும் கெடுதல்: நாற்பது சாமான் கொட்டிக்கிடந்தால் எதையும் எடுக்காமல் எல்லாவற்றையும் இறைப்பார்கள்.

களிமண் வேண்டுமென்றால் வில்லியனூர்க் குயவர்களிடம் கேளுங்கள். அங்குள்ள சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடே உண்டு, மண் அரைத்துக் கல் நீக்கிக் கிடைக்கும். ஆளுக்கு 300 கிராம் உருண்டை. ஈரச் சாக்கில் சுற்றி மூடிய வாளியில் வைத்தால் இரண்டு வாரம் இறுகாது. வயல் மண்ணை நேரே எடுத்தால் முள்ளும் கண்ணாடித் துண்டும் வரும்.

குறிப்பு எழுதுங்கள். ஒரு தாளில் தேதி, என்ன வேலை, செய்யுமுன் எப்படி இருந்தது, எத்தனை நிமிடம், செய்தபின் எப்படி இருந்தது. 'நன்றாக இருந்தான்' என்று எழுதினால் பயனில்லை. 'ஈர மணலைக் கையால் அள்ளி 3 சிரட்டை நிரப்பினான், அழவில்லை, இரண்டு முறை கை கழுவினான்' என்று எழுதினால் நாளைக்கு ஒரு தெரபிஸ்ட் பார்த்தாலும் புரியும். இலக்கையும் இதே பாணியில்: 'ஆறாவது வாரத்தில், 5 நாளில் 3 நாள், உதவியில்லாமல்.'

வெயில்: அக்னி நட்சத்திர நாள்களில் எப்படியும் விடுமுறை. ஆனால் மார்ச்சிலேயே பத்தரைக்கு மணல் சுடும். புறங்கையை மணலில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தாங்கவில்லை என்றால் வெறுங்கால் வேலை அன்றைக்கு முடிந்தது.

---

புன்னைநிழல்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று சந்தேகம். ஒன்று, அந்தப் பையனின் அம்மா எங்கோ பார்த்துவிட்டு மென்மையான பிரஷ்ஷால் கை கால் தேய்க்கச் சொல்கிறார். செய்யலாமா? இரண்டு, ஐப்பசி, கார்த்திகையில் பள்ளியைச் சுற்றித் தண்ணீர் நிற்கும், என்ன செய்வது? மூன்று, துணியெல்லாம் சேறு என்று பெற்றோர் சண்டை.

---

ஓடி_வில்லியனூர்:

பிரஷ் வேண்டாம். அது அழுத்தம், திசை, இடைவெளி எல்லாம் பார்த்துப் பயிற்சி பெற்றவர் செய்யும் முறை, அதற்கே சான்று மெலிது. மெதுவாகத் தேய்த்தால் நீங்கள் தவிர்க்கவேண்டிய மெல்லிய தொடுதலாகவே ஆகிவிடும். அம்மாவுக்கு வேறு வேலை கொடுங்கள்: குளித்தபின் துண்டால் அழுத்தி ஒற்றி எடுப்பது, சப்பாத்தி மாவு பிசைய விடுவது. ஒட்டும் மாவு வேண்டாம், எண்ணெய் சேர்த்துத் திரண்ட மாவு.

மழை. மழையில் நனைவது வேறு, தேங்கிய தண்ணீரில் இறங்குவது வேறு. வெள்ளம் வடிந்த சேற்றில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகவும் வரும். தண்ணீர் வடிந்து, நல்ல வெயிலில் நாலைந்து நாள் காய்ந்து, மேல் மண் பிளக்கும்வரை சேற்று வேலைக்கு விடுமுறை. சாக்கடை கலந்த தண்ணீர் மணல் தொட்டிக்குள் வந்திருந்தால் காயவைத்துப் பயனில்லை, மணலை மாற்றுங்கள். சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள், ஒரு சிரட்டைத் தண்ணீர் டெங்குக் கொசுவுக்குத் தாராளம். அந்த இரண்டு மாதமும் தாழ்வாரத்தில் களிமண், துணி பிழிதல், மல்லாட்டை, நனைந்த சாக்கை இழுத்துப் போடுதல். மழை விட்டதும் முருங்கை மரத்தைப் பாருங்கள், கம்பளிப்பூச்சி திரளும் காலம் அது. இலை உருவ வேண்டிய பையன் கையில் அரிப்போடு நின்றால் ஒரு மாதம் பின்னுக்குப் போவோம்.

2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் என்று புயல் கரையேறிய பகுதி இது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஊஞ்சல் கிளையின் கவட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று ஏணி வைத்துப் பார்க்காமல் பிள்ளைகளை விடாதீர்கள்.

துணிச் சண்டைக்கு என்னிடம் மருந்தில்லை. அப்பாவின் பழைய சட்டையைப் பின்பக்கம் பொத்தான் வருமாறு மாட்டிவிடலாம், முழங்கை வரை கையை மடித்து. பொத்தான் போடப் பழகுவதும் ஓ.டி. வேலைதான். அதைப் பழக மட்டும் முன்பக்கம் பெரிய பொத்தான், பெரிய துளை, அதுவும் அடிப்பொத்தானிலிருந்து மேல்நோக்கி. அங்கேதான் பிள்ளைக்குக் கண் தெரியும்.

எப்போது வெளியே அனுப்புவது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த சொல்லோ திறனோ மறைந்துபோவது, ஒரு கையை மட்டுமே பயன்படுத்துவது, அடிக்கடி காரணமின்றி விழுவது, சில வகை உணவை மட்டுமே தின்று எடை ஏறாமல் நிற்பது, கூப்பிட்டால் திரும்பாதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு, அதில் மேற்கொண்டு பார்க்கவேண்டிய பிள்ளைகளை மாவட்ட அளவிலான ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். புதுச்சேரிப் பக்கம் என்றால் ஜிப்மர் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு. முழு மதிப்பீடு வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. போகும்போது மேலே சொன்ன குறிப்புத் தாளைக் கொண்டுபோங்கள், அரைமணி நேரம் மிச்சமாகும்.

---

முந்திரிக்காடு (பண்ருட்டி):

ஒன்று மட்டும். 'இயற்கைப் பொருள் சேகரிப்பு' என்று பிள்ளைகளை அனுப்பும்போது பச்சை முந்திரிக்கொட்டை கூடையில் வந்துவிடும், நம்ம பக்கத்தில் நிச்சயம் வரும். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிக் கொப்புளம் போட்டுவிடும். குன்றிமணி அழகாக இருக்கும், ஆனால் கொட்டை கடிபட்டால் விஷம், ஒன்றிரண்டே ஆபத்து. மஞ்சள் அரளிக் காயும் அப்படியே. வேலியில் இருந்தால் வெட்டி வேரோடு எடுங்கள். வாயில் போடும் பழக்கம் விடாத பிள்ளை ஒன்று இருந்தாலும் புளியங்கொட்டை கூடைக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தே இருக்கவேண்டும், எழுந்தால் கூடையை மூடிவிட்டுத்தான் எழவேண்டும். 32 மி.மீ. துளைக்குள் நுழையும் எதுவும் சின்னப் பிள்ளை தொண்டைக்கும் நுழையும் என்பது பொம்மைத் தயாரிப்பில் இருக்கும் கணக்கு. புளியங்கொட்டைக்குப் பதில் பெரிய கடற்சிப்பி, பனங்கொட்டை வையுங்கள்.

---

புன்னைநிழல்:

வேலியில் மஞ்சள் அரளி இருக்கிறது. இன்றே எடுக்கச் சொல்லிவிட்டேன். சவுக்குக்கொம்பு சார், ஊஞ்சலுக்குப் பதில் சேலைத் தூளி கட்டினால் அந்தப் பெண்ணுக்கு ஆகுமா?

---

சவுக்குக்கொம்பு:

உடம்பைச் சுத்தி அணைச்சுப் பிடிக்கும்னு தெரபிக்காரங்களும் கேட்பாங்க, கட்டலாம். ஆனா ஆள் இல்லாம விடக்கூடாது, முறுக்கினா கழுத்துல சுத்திக்கும். நூல் சேலை ரெண்டு மடிப்பு, பட்டும் பாலியஸ்டரும் முடிச்சு வழுக்கும். அடிமடிப்பு தரையிலேர்ந்து ஓரடி. தலைக்கு மேல சேலை ஒண்ணா சேர்ற இடத்துல ரெண்டடிக் கட்டை குறுக்க வச்சு விரிச்சுக் கட்டுங்க, அப்போ முறுக்காது. தினமும் காலையில நீங்களே ஒரு தடவை முழு கனமும் போட்டு உட்கார்ந்து பாத்துட்டு அப்புறம் பிள்ளையை ஏத்துங்க. பன்னெண்டு மணிக்கு அவுத்து உள்ள வைங்க. ராத்திரி தொங்க விட்டா தெருப்பிள்ளைங்க வந்து ஆடும்.